முழித்த முகம்

கொழுப்பெடுத்துப் போய்த்தான் ஆறுமுகத்தாய் வீட்டை விட்டுப் போனாள் என்று பிச்சம்மாள் கிணற்றடியில் நின்று சொல்லுகிறாளாம். சொல்லட்டும். அவளுக்குக் கொழுப்பு இருந்தது வாஸ்தவம்தான். அது எங்கே இருந்தது, எங்கே இல்லாமல் போயிற்று என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நான் ஏன் மல்லுக்கு நிற்கப்போகிறேன்?

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றினவள் ஆறுமுகத்தாய். கோவிலில் விடியற்காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது இடுப்பில் பித்தளைப் பானையோடு தெருவுக்குள் நுழைவாள். கூவமாட்டாள், கதவு நாதாங்கியை லேசாக ஆட்டுவாள், அவ்வளவுதான். உழக்கால் அளந்து ஊற்றிவிட்டு, அளவுக்கு மேலே கொசுறாக ஒரு சாய்ப்புச் சாய்ப்பாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தச் சாய்ப்பு நீளும். "தண்ணி கலந்திருக்கியாட்டீ?" என்று கேட்டால், "பசு குடிச்ச தண்ணிதான் ஆச்சி இருக்கு, அதுக்கு நான் என்ன செய்ய?" என்பாள்.

மஞ்சள் பூசின வட்ட முகம் அவளுக்கு. கோர்ட்டுக்குப் போகிறவர்களும் பெண் பார்க்கப் போகிறவர்களும் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே நடைக்கு வந்து, நாதாங்கிச் சத்தம் கேட்டபிறகு அவள் முகத்தில்தான் கண்ணைத் திறப்பார்கள். அப்படி அந்த முகத்தை வைத்துக் காரியம் பார்த்த தெருதான் இது.

ஒரு வருஷம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு விஷக்காய்ச்சலில் விழுந்தாள். பிழைத்ததே பெரிது. நாளாவட்டத்தில் கை தேறியது, இடுப்பு தேறியது, தொடை தேறியது. முகம் மட்டும் தேறவே இல்லை. பிசைந்த மாவில் கட்டைவிரலை அமுக்கினதுபோல இரண்டு கன்னமும் உள்ளே போய்விட்டது. கண்ணுக்குக் கீழே பள்ளம். கோவில் புற்றுமண்ணைக் குழைத்துத் தடவினாள். வெண்ணெயைத் தின்று பார்த்தாள். தின்றதெல்லாம் இடுப்புக்குத்தான் போயிற்று. "பேருல ஆறு முகம் இருக்கு, ஒண்ணுதான காஞ்சிருக்கு" என்று அவளே சிரித்தாள். சிரித்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் சம்சாரம் பார்வதியம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள். அவள் மகனுக்கு ரயில்வே பரீட்சை தவறிப் போயிற்று. படிக்காத பயல். ஆனால் பழி, பரீட்சையன்று பால் ஊற்ற வந்த முகத்தின்மேல் விழுந்தது. "சவக்களையா இருக்கு. பாத்திரத்த வெளியே வச்சிருக்கேன், ஊத்திட்டு மூஞ்சியக் காட்டாமப் போ" என்று சொல்லிவிட்டாள். ஒரு வீடு சொன்னால் போதாதா? தெரு முழுவதும் மூடின கதவும் வெளியே பாத்திரமுமாக ஆயிற்று. சில வீடுகளில் பாத்திரத்தையும் காணோம்.

அவள் முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் வளைத்து ஊற்றப் பழகினாள். ஒரு சொட்டுக் கீழே சிந்தாது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் என் வாசலில் முந்தானையை எடு என்று சண்டை போடுவேன். எடுப்பாள், அடுத்த வீட்டுக்கு முன்னால் இழுத்துக்கொள்வாள்.

யுத்தத்துக்குப் போய்வந்த ராஜதுரைதான் அவளுக்கு ஒரு சேதியைச் சொன்னது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தவர். குண்டு பட்டுக் கன்னம் போன சிப்பாய்க்கு வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் வைத்து மூடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி டாக்டர் ஒருத்தர் இப்போது மதராஸில் இருக்கிறாராம். வைத்ததில் பாதி கரைந்துபோகும், சீழ் வைத்தால் இருக்கிற முகமும் போகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. "பாதி நின்னாப் போதும் அண்ணாச்சி, நான் என்ன முழுப்பாலா கேக்கேன்" என்றாளாம் இவள்.

அன்றிலிருந்து அதே நினைப்புத்தான். பால் அளக்கும்போதே ஒரு விரலால் கன்னக்குழியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். வேண்டாம் என்று பலமுறை சொன்னேன். தொடையைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கன கெடக்கத எடுத்து இங்கன வைக்கப் போறாவ. களவா இது, என் சொத்துதான? மோருலேர்ந்து வெண்ணெய எடுத்துச் சோத்துல போடலையா?"

"செத்துகித்துப் போனா?"

"எனக்கு அழகு எதுக்கு ஆச்சி. கதவு தொறக்கணும்."

தெருவுக்குத் தெரிந்தபோது இந்தப் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. தொடைக் கொழுப்பை எடுத்து மூஞ்சியில் அப்பிக்கொண்டு எவனை மயக்கப் போகிறாளாம் என்று பிச்சம்மாள் கேட்டாள். கொழுப்பெடுத்தவள் என்று பேரே வைத்துவிட்டார்கள். "எடுக்கத்தான போறேன், சரியாத்தான் சொல்லுதாவ" என்று அதையும் வாங்கிக்கொண்டாள்.

புருஷன் பரமசிவன் குடிக்காதவர், கை நீட்டாதவர். பொண்டாட்டி காய்ச்சலிலிருந்து எழுந்த நாள்முதல் அவர் கட்டில் மாட்டுத்தொழுவில் கிடந்தது. செவலைப்பசு சினை, பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார். செவலை கன்று போட்டது. கட்டில் வீட்டுக்குள் திரும்பவில்லை. கன்றைப் பாம்பு தீண்டிவிடும் என்றார். அவளும் நம்பி, பனிக்காலத்தில் கம்பளியைக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வருவாள்.

மதராஸுக்குப் போகச் செவலையை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் மோர் வாங்கப் போயிருந்த சாயங்காலம் அதை அவரிடம் கேட்டாள். அவர் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"செவலய வித்துட்டா, விடிஞ்சா நான் எந்த மூஞ்சில முழிக்க?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வைக்கோலை உதறின கை நின்றுவிட்டது. கட்டில் ஏன் தொழுவுக்கு வந்தது என்று எனக்கே விளங்கிவிட்டது. கூடப் படுத்தவளுக்கு விளங்காதா? அவள் என் செம்பை வாங்கி, மோரை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மேலே ஒரு சாய்ப்பும் சாய்த்தாள்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் கருக்கலிலேயே பால் செம்போடு நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். தொழுவில் கட்டிலுக்கும் பசுவுக்கும் நடுவே பலகையைப் போட்டு, பசுவை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடியில் துணிமூட்டை. தலையில் முந்தானை இல்லை. அதை இறுக்கி இடுப்பில் செருகியிருந்தாள். அரிக்கேன் விளக்கைத் தாடைக்குக் கீழே பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

மணி அடித்தது. பரமசிவன் வழக்கம்போலக் கண்ணை மூடியபடியே புரண்டு படுத்து, பசுவின் கழுத்தைத் தேடிக் கையை நீட்டினார். கையில் அவள் கன்னம் தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தார்.

அவர் முழுவதும் பார்த்து முடிக்கிறவரை அவள் அசையவில்லை. அப்புறம் விளக்கை ஊதி அணைத்துக் கட்டில் காலடியில் வைத்தாள். மூட்டையை, தினமும் பால்பானை வைக்கிற இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துவிடாமலே வாசலைத் தாண்டினாள்.