ஜோடி சேராத பொத்தான்கள்

சிவப்புச் சட்டை ஒன்று என் மடியில் கிடக்கிறது. நாலு வயதுப் பெண்பிள்ளைக்கென்று தைத்தது. முன்பக்கம் ஏழு பொத்தான்கள். ஏழும் ஏழு விதம். ஒன்று பட்டாளத்துக் கோட்டிலிருந்து வந்த பித்தளை, ஒன்று மாட்டுக் கொம்பு, ஒன்று சிரட்டையைத் தேய்த்துச் செய்தது, ஒன்று நீலக் கண்ணாடி. மற்ற மூன்றும் எந்தத் துரைசானியின் எந்த உடுப்பிலிருந்து உதிர்ந்தனவோ தெரியாது. சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. எப்படி மங்கும்? சட்டையானபின் வெயிலே கண்டதில்லை, எந்தப் பிள்ளையும் போட்டதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக என் தகரப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டி வந்ததால் போன வாரம் பெட்டியைத் திறந்து ஒழுங்குசெய்தேன். இதையும் சேர்த்து எட்டுச் சட்டைகள், வருஷத்துக்கு ஒன்றாக, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம். அதை மட்டும் நான் அன்றுவரை பிரித்ததில்லை.

இவற்றைத் தைத்தவர் பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர். ஊருக்கெல்லாம் அவர் தையலம்மா, எனக்கு அக்கா. நான் கணக்கு எடுத்ததால் அவர் வாயில் நான் கணக்கம்மா. இந்த நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையும் ஓர் அடுக்களையுமாக எங்கள் இருவருக்கும் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். அக்கா ஏரல்காரி. பதினாறு வயதில் கலியாணமாகி, இலங்கைத் தோட்டத்துக்குக் கணக்கப்பிள்ளையாகப் போன புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதில் திரும்பி வந்தவர். பிள்ளை குட்டி கிடையாது. கொழும்பில் கடை வைத்திருந்த தம்பி ஒருவர்தான் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள. எனக்கு அதுவும் இல்லை. மாப்பிள்ளை பார்க்க வேண்டிய அப்பா நான் பரீட்சை எழுதிய வருஷமே போய்விட்டார். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் என் இடது தோள் ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. எந்த ரவிக்கையைப் போட்டாலும் ஒரு பக்கம் தொங்கும். “ஒங்க ரெண்டு தோளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போலுக்கே, கணக்கம்மா. ஒரு நா அளவெடுத்து ஒழுங்கா ஒண்ணு தச்சுத் தாரேன்” என்பார் அக்கா. “ஒட்டுத்துணி போடுத அளவுக்கு எனக்கு இன்னும் கேடு வரல” என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி. அக்கா சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோப்பார்.

ஒட்டுத்துணி என்று நான் சொன்னது சும்மா இல்லை. துரைமார் குடும்பங்கள் சீமைக்குத் திரும்பும்போது பங்களா முற்றத்தில் சாமான்களை ஏலம் விடுவார்கள். நாற்காலிக்கும் விளக்குக்கும் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். அக்கா கடைசிவரை ஒதுங்கி நிற்பார். எல்லாரும் போனபின், யாருக்கும் வேண்டாமல் மூலையில் குவிந்து கிடப்பதை மொத்தமாகக் கேட்டு வாங்கி வருவார்: கம்பி ஒடிந்த குடை, ஒற்றைக் கையுறை, கிழிந்த திரைச்சீலை, காலிச் சுருட்டுப் பெட்டி. கடைத்தெருத் தையல்காரர்கள் கழித்துப் போடும் துண்டுகளையும் முந்தானையில் முடிந்து வருவார். அறையில் எலி குடித்தனம் நடத்தியது. நான் கத்துவேன். அந்தக் குப்பையிலிருந்து அவர் சிரட்டையில் ஊசி குத்தும் மெத்தை செய்வார். சுருட்டுப் பெட்டிப் பலகையில் ஆற்றுக் கிளிஞ்சல் ஒட்டிப் படச் சட்டம் செய்வார். “யார் படத்தை வைக்கப் போறீய?” என்று ஒருநாள் கேட்டேன். “வைக்க ஆள் வந்தா வைக்கேன், இல்லாட்டா சும்மா இருக்கட்டும்” என்றார். அந்தச் சட்டம் வெறுமையாகவே சுவரில் தொங்கியது. அவருக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. பழசில் என்றாவது ஒரேமாதிரி ஆறு பொத்தான்கள் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. “சோடி சேந்த எதையும் இந்த ஊர்ல ஏலத்துக்கு விடமாட்டாவ” என்று பொத்தான் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு சொல்வார்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அவரவர் வயலில் விளைந்ததையும் கையால் செய்ததையும் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்ப மரத்தடியில் உபதேசியார் அவற்றை ஏலம் விடுவார். சபைக்காரர் என்றில்லை, யாரும் வந்து கேட்கலாம். வாழைத்தார், முட்டை, நார்ப்பெட்டி, சேவல் என்று எல்லாம் போகும். உபதேசியாருக்கு அன்று நாக்கில் சனி. அக்கா வந்த முதல் வருஷம், துரைசானி வீட்டில் பார்த்த மாதிரி, தேயிலைத் தண்ணீர்க் கெண்டி ஆறாமல் இருக்க மேலே கவிழ்க்கும் உறை ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். சிவப்புத் திரைச்சீலை, உள்ளே பஞ்சு, வெளியே அலங்காரத்துக்கு ஏழு பொத்தான்கள். தேயிலைத் தண்ணீர் குடிக்கிற வீடே அப்போது அங்கே நாலைந்துதான். உபதேசியார் அதைக் கையில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னன்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்” என்றார். கூட்டத்திலிருந்து ஒருவர், “கோழிக்குத் தொப்பிவே!” என்று குரல் விட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை. அவரும் அதை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த பூசணிக்காயைத் தூக்கினார். அக்கா அதை முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். “தெரியாம செஞ்சிட்டேன். வேணும்னு ஒருத்தர் கேக்கணும்லா, கணக்கம்மா? ஒருத்தர் கேட்டாப் போதும்” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அடுத்த பண்டிகைக்கு அக்கா அந்த உறையைப் பிரித்து இந்தச் சிவப்புச் சட்டையைத் தைத்தார். அதே திரைச்சீலையின் மீதித் துணியும் சேர்த்து, அதே ஏழு பொத்தான்கள். நானே ஏலம் கேட்டால் ஒரே வீட்டுக்காரி இரக்கப்பட்டாள் என்று ஊர் சொல்லும். பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுவரும் வண்டிக்கார அண்ணாச்சியிடம் ரகசியமாகச் சில்லறையைக் கொடுத்து, “தையலம்மா வைக்கதை நீங்க கேளுங்க” என்றேன். அண்ணாச்சி கல்லிடைக்குறிச்சிக்காரர், இந்தப் பக்கம் அவரை யாருக்கும் அதிகம் தெரியாது. கலியாணம் காட்சி இல்லாத ஒண்டிக்கட்டை என்று எனக்கு மட்டும் ஒருமுறை வண்டியில் வரும்போது சொல்லியிருந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டியதும் வேலியோரமிருந்து அவர் கேட்டார். உபதேசியார் விடுவாரா? “ஒமக்கு எதுக்குவே சின்னப் பிள்ளைச் சட்டை? மாட்டுக்கா?” என்றார். அண்ணாச்சி தடுமாறி, “எம் மவளுக்குத்தான். ஊர்ல இருக்கா” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு பிள்ளை பிறந்துவிட்டது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. “பிள்ளைக்கு என்ன வயசு அண்ணாச்சி?” “நாலு, தாயி.” அன்றைக்கே அண்ணாச்சி சட்டையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, “பொய் சொல்லிட்டேம்மா, வாய் தவறிட்டு” என்றார். “போகட்டும், ஒரு பொய்தான” என்றேன். ஒரு பொய்யோடு நின்றதா? அவர் வண்டி வரும்போதெல்லாம் அக்கா வாசலில் நிற்பார். பிள்ளை எப்படி இருக்கா, சட்டை பத்துதா, என்ன விளையாடுதா என்று கேட்பார். முதலில் திருதிருவென்று விழித்த அண்ணாச்சி வரவரத் தேறிவிட்டார். முன்பல் விழுந்தது, ஆற்றுப் படித்துறையில் வழுக்கி முழங்கை சிராய்த்தது, அத்தை வீட்டில் அப்பளம் இட உட்கார்ந்து மாவைத் தின்றே தீர்த்தது எல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நானும் சில நாள் வாசலுக்குப் போய் நின்று கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வருஷந்தோறும் ஒரு சட்டை ஏலத்துக்கு வரும், அண்ணாச்சி கேட்பார், அது என் பெட்டிக்குள் போகும். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அக்காவின் கட்டில் மூன்று முழத் தூரத்தில்.

பிள்ளைக்கு ஒன்பது வயது ஆனபோது அக்கா, “ஊகத்துலேயே தச்சா எப்படி? ஒரு நூல்ல அளவு முடிஞ்சு கொண்டாங்க அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி ஊருக்குப் போய்வந்து முடிச்சுப் போட்ட ஒரு நூலைக் கொடுத்தார். அக்கா அதை மேஜையில் நீட்டி, தோள் இது, கை இது, உயரம் இது என்று ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கையைத் தொங்கப் போட்டா தரையில இழுபடும் போலுக்கே! பிள்ளை நல்லாத்தான் வளருது” என்றார். நூலைச் சுருட்டிப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினார். அண்ணாச்சிக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று நினைத்து நானும் சிரித்தேன். அதன்பிறகும் அக்கா வாசலில் போய் நின்றார், பிள்ளையை விசாரித்தார், சட்டை தைத்தார்.

அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து தம்பி எழுதினார். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு, என் பிள்ளைகள் நாலு பேரும் அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள், கப்பலுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று. அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். “நீங்க என்ன சொல்லுதீய, கணக்கம்மா?” என்று கேட்டார். போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொந்த ரத்தம், நாலு பிள்ளைகள், உண்மையான பிள்ளைகள், தைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள். எனக்கோ அந்த அறையில் எதிர்க் கட்டில் காலியாகக் கிடப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது கண்ணுக்குள் வந்தது. “நீங்க போயிட்டா அண்ணாச்சி மவளுக்கு யாரு தைப்பா?” என்றேன். என் ஆயுளில் நான் சொன்ன மிக மோசமான வார்த்தை அதுதான். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆமா, பாவம். அது தனியாப் போயிரும்லா” என்று சொல்லி, கடிதத்தை மடித்தார். தம்பிக்கு மறுத்து எழுதிவிட்டார். வெட்கமில்லாமல் அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சீமையில் சண்டை தொடங்கிய இரண்டாம் வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. நாளுக்கு நாள் இளைத்தார். ஒரு காலை, தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பழுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். “பண்டிகை வரைக்கும் இருப்பனோ என்னமோ. இதை அண்ணாச்சி மவளுக்குக் குடுத்திருங்க. குடுக்க முந்தி நீங்களே பிரிச்சு, அளவு சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துக்கிடுங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். பிரிக்கவில்லை. இல்லாத பிள்ளைக்கு இன்னொரு சட்டை. அதை விரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் கேட்டார்: “அளவு பாத்தீயளா?” “பாத்தேன். பிள்ளைக்கு அச்சா இருக்கும்” என்றேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாம் நாள், “நெசமாவே பாத்தீயளா, கணக்கம்மா?” என்றார். “பாத்தேம்னு சொல்லுதம்லா! எத்தன தடவ கேப்பீய?” என்று எரிந்து விழுந்தேன். அக்கா “சரி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் கேட்கவே இல்லை. அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கத்துக்கு வண்டிக்கார அண்ணாச்சி வந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று தேம்பித் தேம்பி அழுதார். “பிள்ளைக்கு எப்படிம்மா சொல்லுவேன்?” என்று என்னிடம் கேட்டார். என்ன கேட்டோம் என்பது அவருக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம். பொட்டலம் பெட்டிக்குள் போயிற்று. எதிர்க் கட்டிலுக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். பாதி நாள் அது காலியாகவே கிடந்தது. ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கவும் எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் அந்தப் பொட்டலத்தின் கட்டை அறுத்தேன். உள்ளே இருந்தது பிள்ளைச் சட்டை இல்லை. பெரிய பெண்ணுக்கான ரவிக்கை. கடையில் புதிதாக வாங்கிய வெள்ளைத் துணி. ஓர் ஒட்டு கிடையாது. முன்பக்கம் ஆறு முத்துச்சிப்பிப் பொத்தான்கள், ஆறும் ஒரே அச்சு. எங்கே தேடினாரோ, எத்தனை வருஷம் எடுத்து வைத்திருந்தாரோ. தூக்கிப் பிடித்தபோது இடது தோள் ஒரு விரல்கடை இறக்கி வெட்டியிருந்தது. அளவே எடுக்காமல், பார்த்துப் பார்த்தே மனத்தில் வைத்திருந்த அளவு. துணியை அறிந்தவருக்கு, முடிச்சுப் போட்ட அந்த நூலைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கும், அப்படி ஒரு பிள்ளை உலகத்தில் இல்லை என்று. தெரிந்தபிறகுதான் கொழும்புக் கடிதம் வந்தது. தெரிந்துதான் போகாமல் இருந்தார். “அது தனியாப் போயிரும்லா” என்று அவர் சொன்னது என்னை. மூன்று நாள் விடாமல் கேட்டாரே, நான் ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தால், அவர் கண்முன்னால் இதைப் போட்டு நின்றிருக்கலாம். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கலாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியிருந்திருக்காது.

சிவப்புச் சட்டையை மடித்து மற்ற ஏழின்மேல் வைத்துவிட்டு இப்போது அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயதாகி உடம்பு வற்றிவிட்டது. மார்பிலும் கையிலும் தொளதொளவென்று கிடக்கிறது. இடது தோள் மட்டும் சொன்னபடி உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் வாய்விட்டுத்தான் சொன்னேன். அளவு பாத்துட்டேன், அக்கா. சரியா இருக்கு.