ஸ்டீபன் வண்டிக்கு நான் பார்த்த வேலை

டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்குக்கு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா பயம் கிடையாது, ஸ்டார்ட் ஆனாத்தான் பயம். மத்த வண்டிங்க படுக்கறதுக்கு முன்னாடி நாலு வாட்டி இருமும், முக்கும், நமக்குத் தகவல் சொல்லும். இது முழு வேகத்துல பாடிக்கினு போகும்போதுதான் பொட்டுனு நிக்கும். ஆயில் வாசனை போகாத கையாலயே சோறு திங்கற, உதைச்சு உதைச்சு வலது முட்டி தேய்ஞ்ச என் இனத்து ஆளுங்களே, இது உங்களுக்காக எழுதறது. மத்தவங்க படிச்சா சிரிப்பாங்க. நீங்க சிரிக்க மாட்டீங்க.

என் பேரு பாஸ்கர். ஆம்பூர் பைபாஸ் ஓரமா கடை.

சாக்குல வந்த வண்டி

ஜோசப் ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஷூவுக்கு மேல் தோல் வெட்டற இடம் அது. அவரு தம்பி ஸ்டீபனுக்கு தோல் ஃபேக்டரியில டிரம்முல வேலை. டிரம்முன்னா ஆள் உசரத்துக்கு மேல சுத்தற பெரிய மரப் பீப்பாய். தோலையும் கெமிக்கலையும் உள்ள போட்டு சுத்தவிட்டு, அப்புறம் அந்த ஈரத் தோலை வாரி வெளிய இழுப்பாங்க. இழுக்கறது ஸ்டீபன். ஒருநாள் அண்ணனும் தம்பியும் குட்டியானை லோடு வண்டியில, மண்ணுல ரேஸ் ஓட்டற ஒரு டர்ட் பைக்கைக் கொண்டாந்து என் கடை வாசல்ல இறக்கினாங்க. ஃப்ரேம் தனி, வீல் தனி, இன்ஜின் மொத்தமும் உரச்சாக்குல.

"இன்னாத்துக்குப்பா இந்த எலும்புக்கூடு?"ன்னு கேட்டேன். வாலாஜாபேட்டை பக்கம் ஒரு காய்ஞ்ச ஏரியில பொங்கல் கழிச்சு மண் ரேஸ் நடக்குது, பெங்களூர்லேர்ந்து ஒரு டீம் ஆள் தேடி வராங்க, அவங்களுக்குப் பிடிச்சுப் போனா சேர்த்துக்குவாங்க, அப்புறம் ஓட்டறது மட்டும்தான் பொழப்புன்னான் ஸ்டீபன். அவன் பாலாத்து மணல்ல சாதா பைக்கையே ஆட்டிவெக்கறத நானே நின்னு பார்த்திருக்கேன். அந்தப் பையனுக்குத் திறமை இல்லன்னு எவனாவது சொன்னா அவனை உதைப்பேன். ஆனா கையை நீட்டும்போது பார்த்தேன், விரல் இடுக்கெல்லாம் உரிஞ்சு செவசெவன்னு கெடந்துச்சு. நான் பார்க்கறத அவனும் பார்த்துட்டான். "இது ஓடலன்னா டிரம்முலயே கெடந்து என் தோலும் பதமாயிடும்ண்ணா."

பின்னாடி போன வண்டி

இன்ஜினைக் கோத்து, சிலிண்டரை ராணிப்பேட்டையில கடைஞ்சு வாங்கி, புது பிஸ்டன் போட்டு, ஒருவழியா நிக்க வெச்சேன். தீப்பொறி எப்போ விழணும்னு செட் பண்ற டைமிங் தட்டைக் கொஞ்சம் ஜாஸ்தி திருப்பிட்டேன் போல. உதைச்சேன். அது திருப்பி உதைச்சுது. கிக்கர் மேல வந்து என் கணுக்காலுல அடிச்ச அடியில நட்சத்திரம் எல்லாம் தெரிஞ்சுது. ஆனா இன்ஜின் ஓடுது! வலிய மறந்துட்டு, "ஜோசப்பு, ஏறுங்க, கியர் போடுங்க"ன்னு கத்தினேன். டூ-ஸ்ட்ரோக் சில நேரம் திருப்பி உதைச்சா தலைகீழா சுத்த ஆரம்பிச்சிடும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வலியில ஞாபகம் வந்தாத்தானே! ஜோசப் ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை விட்டாரு. வண்டி சர்ருனு பின்னாடி போய், பக்கத்துக் கடை சலீம் பாய் காய வெச்சிருந்த ஃபிளெக்ஸ் பேனருக்குள்ள புகுந்துடுச்சு.

சலீம் பாய் கடையில கல்யாணத்துக்கு, பொறந்தநாளுக்கு எல்லாம் பேனர் அடிப்பாரு. ஆனா ஜாஸ்தி ஓடறது கண்ணீர் அஞ்சலிதான். அன்னைக்கும் அதுதான். செத்துப்போன பெரியவர் மூஞ்சியைக் கிழிச்சுக்கினு ஜோசப் அந்தப் பக்கமா எட்டிப் பார்க்கறாரு. நான் ஒத்தக்கால்ல நின்னுக்கினு மன்னிப்புக் கேட்கறேன். பாய் கோவப்படல. என் காலைப் பார்த்தாரு, வண்டியைப் பார்த்தாரு. "தோஸ்த், நல்லதா ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சிடு. அவசரத்துல எல்லாரும் ஆதார் ஃபோட்டோவக் குடுக்கறாங்க, பெருசு பண்ணா ஒரே பேஜாரா இருக்குது."

வெட்டு சரியில்ல

பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர் சிலிண்டரோட சேர்ற எடத்துல ஒரு கேஸ்கட் வரும். வெளிக்காத்து உள்ள போகாம அடைக்கறதுக்கு நடுவுல வெக்கற பேப்பர். இந்த வண்டிக்கு ரெடிமேடா எங்க கிடைக்கும்? நாம பண்றதத்தான் நானும் பண்ணேன். கேஸ்கட் பேப்பரை அந்த மூஞ்சி மேல வெச்சு, சின்ன சுத்தியால ஓரத்துல டொக்கு டொக்குனு தட்டித் தட்டியே வெட்டி எடுத்தேன். ஓரம் கொஞ்சம் பிசிறா வரும். வரட்டுமே, அடைக்கணும், அவ்ளோதான்.

ஜோசப் பக்கத்துல நின்னு பார்த்துக்கினே இருந்தாரு. அவரு மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! சாம்பார்ல பல்லி விழுந்தத பார்த்தவர் மாதிரி. வெளிநாட்டுக்குப் போற ஷூவுக்கு மயிரிழை விலகாம வெட்டற கை அது, ஒரே இழுப்புல கத்தி முழு வளைவும் போய் வரும். அவரு வீட்டுல சப்பாத்தி கோணலா இருந்தாக்கூட ஓரம் வெட்டிட்டுத்தான் சாப்பிடுவாராம், ஸ்டீபன் சொல்லியிருக்கான். நான் வெட்டினதை ரெண்டு விரலால தூக்கி வெளிச்சத்துல பிடிச்சாரு. "பாஸ்கரு, இந்த மாதிரி ஒரு பீஸ் என் டேபிளுக்கு வந்துச்சுன்னா, வெட்டினவன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

ஆத்து மணல்ல

அப்புறம் ட்யூனிங். பாலாத்துல தண்ணி ஓடாதது எங்களுக்கு மட்டும்தான் உதவி. விடியறதுக்கு முன்னாடி போறது, ஒரு இழுப்பு ஓட்டறது, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி நிறம் பார்க்கறது. கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, ஜெட்டை, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டையை, மாத்து. வெள்ளையா இருந்தா பெட்ரோல் கம்மி, இன்ஜின் வெந்துடும், உடனே மாத்து. டீ நிறத்துக்கு வரணும். வரவே வராது. குளிருக்கு ஒண்ணு செட் பண்ணா வெயிலுக்கு வேற கேக்கும். என் பொண்டாட்டி என்னை விட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போகாததுதான் ஆச்சரியம். நான் தூக்கத்துல கூட ஜெட் நம்பர் சொன்னேனாம்.

கடைசியா ஒருநாள் அந்த நிறம் வந்துச்சு. ஸ்டீபன் முழு த்ராட்டில் குடுத்தான். அந்தச் சத்தம் இருக்குதே, அடிவயித்துலேர்ந்து கிளம்பி உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. முன் வீல் மணல்லயே படல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. புகைன்னு சொல்லி சமாளிச்சேன். ஸ்டீபன் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழட்டினான். "ண்ணா, லீவு லெட்டர் எழுதலாமா, இல்ல வேலைய விட்டே நின்னுடலாமான்னு யோசிக்கறேன்."

ரேஸ்

முந்தின நாள் சாயங்காலம் வண்டியை அவங்க வீட்டுக்கு எடுத்துக்கினு போனாங்க. காலையில ஏரியில நான் பிளக்கைப் பார்த்தேன், செயினைப் பார்த்தேன், டயர்ல காத்து பார்த்தேன். டேங்க்குக்கு அடியில, கார்புரேட்டர் பக்கம் கைய விட்டுப் பார்க்கல. நானே முறுக்கின போல்ட்டை ராத்திரியில யாரு வந்து தொடப்போறாங்க?

கொடி இறங்கினதும் ஸ்டீபன் முன்னாடி போனவன் போனவன்தான். ரெண்டாவது ரவுண்டுலயே பின்னாடி வர்றவனுக்கு இவன் கிளப்பின மண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. பெங்களூர் டீம்லேர்ந்து வந்தவரு ஓட்டற எடத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டாரு. ஜோசப் என் தோளைப் பிடிச்சு அமுக்கிக்கினே இருந்தாரு. அப்போ சத்தம் மாறிச்சு. ஒரு மாதிரி மெலிசா, கிறீச்சுனு. "விடு, விடு, த்ராட்டில விடு"ன்னு கத்தினேன், எங்க கேட்கும்? மேட்டுல எகிறி வண்டி மேலே இருக்கும்போதே இன்ஜின் இறுகிப் பிடிச்சுக்கிச்சு. கீழ விழுந்தப்போ பின் வீல் சுத்தல. வண்டி அவனைத் தூக்கி எறிஞ்சுட்டு, அவன் தொடை மேலயே வந்து விழுந்துச்சு.

ஆம்புலன்ஸ்ல ஏத்தறதுக்குள்ள அவன் மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. ஜோசப் கூட ஏறிட்டாரு. நான் வண்டியத் தள்ள ஆள் இல்லாம நின்னுக்கினு இருந்தேன். பெங்களூர்க்காரர் வந்தாரு, என் சட்டையில இருந்த கிரீஸைப் பார்த்தாரு. நான்தான் மெக்கானிக்னு கேக்காமலே தெரிஞ்சுக்கினாரு. "பையன் நல்ல ரைடர்ங்க. நல்ல மெக்கானிக் கிடைச்சிருந்தா இன்னைக்கே கையெழுத்து வாங்கியிருப்போம்."

டேங்க்கைக் கழட்டினப்போ

கடையில இன்ஜினைத் திறந்தா பிஸ்டன் உருகி சிலிண்டரோட ஒட்டிக்கினு இருந்துச்சு. எங்கேர்ந்தோ காத்து உள்ள போயிருக்குது, பெட்ரோல் கம்மியாகி வெந்திருக்குது. கார்புரேட்டரைக் கழட்டினேன். என் பேப்பர் அங்க இல்ல. அதுக்கு பதிலா மேல் தோல், அசல் மாட்டுத் தோல். அவ்ளோ அழகான வெட்டை நான் பார்த்ததே இல்ல. போல்ட் ஓட்டை எல்லாம் அச்சு வெச்ச மாதிரி. ஆனா பெட்ரோல் பட்டு எண்ணெய் எல்லாம் எறங்கி, சூட்டுல சுருங்கி, ஓரம் சுருண்டு, ஒரு பக்கம் நகம் நுழையற அளவுக்கு வாயைத் திறந்துக்கினு கெடந்துச்சு.

ஜோசப் வந்தாரு. அதை என் கையில பார்த்தாரு. எனக்கு அடிக்கத்தான் கை வந்துச்சு. அவரு அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. அவ்ளோ பெரிய ரேஸு, உள்ள அந்தப் பிசிறு இருக்குதேன்னு ராத்திரி பூரா தூக்கமே வரலன்னாரு. பேப்பரை விடத் தோல் ஸ்ட்ராங்குன்னு நெனச்சேன்னாரு. காலம் பூரா தோலை வெட்டற மனுஷன், அதைச் சுட வெச்சா இன்னா ஆகும்னு யோசிக்கல. வெட்டறதோட அவரு வேலை முடிஞ்சுடும் இல்ல! அழுதாரு. நானும் திட்டலாம்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டேன். கிளம்பும்போது என் கையைப் பிடிச்சுக்கினாரு. "பாஸ்கரு, உன் கால்ல விழறேன், தம்பிக்கு மட்டும் இது தெரிய வேணாம்."

ஆஸ்பத்திரியில

தொடையில ராடு வெச்சிருந்தாங்க. நடப்பான்னு சொன்னாங்க. ஓட்டுவானான்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ஜோசப் மருந்து வாங்கக் கீழ போனப்போ நான் ஸ்டீபன் பக்கத்துல உட்கார்ந்தேன். "ஏதோ ஆயிடுச்சுப்பா, ஜெட்டு கொஞ்சம் சின்னதா போச்சு போல"ன்னு பொய்யைத் தயார் பண்ணிக்கினு போயிருந்தேன்.

அவன் என்னைப் பார்த்து சிரிச்சான். "வேணாம்ண்ணா. ஸ்டார்ட்டிங்ல உட்கார்ந்து குனிஞ்சப்பவே பார்த்தேன். தோல் ஓரம் தெரிஞ்சுது. அந்த வெட்டு யாருதுன்னு எனக்குத் தெரியாதா? தோல் சூட்டுல சுருங்கும்னு டிரம்முல வேலை செய்யறவனுக்குத் தெரியாதா?" எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "பாவி, அப்போ ஏன்டா சொல்லல?"ன்னு கத்திட்டேன். வார்டே திரும்பிப் பார்த்துச்சு. அவன் சத்தமில்லாம சொன்னான். "அப்போதான் அண்ணன் வந்து முதுகுல தட்டி, எல்லாம் சுத்தமா இருக்குதுடா, நானே பார்த்துட்டேன்னாரு. அவ்ளோ சந்தோஷமா அவரை நான் பார்த்ததே இல்லண்ணா, எப்படிக் கழட்டச் சொல்றது? முடியற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். எனக்குத் தெரியும்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

ஆக, அண்ணனுக்காக தம்பிகிட்டயும் தம்பிக்காக அண்ணன்கிட்டயும் வாயை மூடிக்கினு, நல்லா ஓடின வண்டியைப் படுக்க வெச்சு ஒரு பையன் காலை உடைச்ச மெக்கானிக்னு ஆம்பூர்லேர்ந்து வாலாஜாபேட்டை வரைக்கும் பேர் வாங்கினதுதான் நான் ஸ்டீபன் வண்டிக்குப் பார்த்ததுலயே ரிப்பேர் ஆகாம இன்னும் ஓடற ஒரே வேலை.