பிரிக்காத காய்கள்

ஈவினிங் பிரிம்ரோஸ் என்ற மஞ்சள் பூவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்கும் ஓர் அந்துப்பூச்சி உண்டு. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். ரோஸ் நிறம், ஓரத்தில் மஞ்சள். அதன் புழு அந்தச் செடியின் மொட்டையும் பச்சைக் காயையும் தின்று வளரும். நியூ ஜெர்சியில் ஒரு கன்சல்டிங் கம்பெனிக்காக, புல்வெட்டும் மெஷின் இறங்குமுன் அதைத் தேடிப் பார்ப்பது என் வேலை. பூச்சியோ புழுவோ இருந்தால் அந்த இடத்தை வெட்டக் கூடாது.

சர்வே ஷீட்டில் ஒரு விதி. பார்த்து, இல்லையென்றால் சைபர் போட வேண்டும். பார்க்கவே இல்லையென்றால் வெறும் கோடு.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு பார்க். ஆகஸ்ட் வெயில். பூக்களைப் பார்த்தேன், பூச்சி இல்லை. காய்களைப் பிரிக்கச் சோம்பல். "காய் சைபர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா, திருச்சிக்காரி, கான்ட்ராக்டில் சேர்ந்து ஐந்து மாதம்.

"அக்கா, காயைப் பிரிச்சே பாக்கலியே?"

"இத்தனை வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? எழுதும்மா."

என்ன திமிர் எனக்கு!

அந்தச் சைபரை நம்பி மறுநாளே வெட்டிவிட்டார்கள். நாங்கள் நட்ட அடையாளக் கொடிகளை எடுக்கப் போன ஸ்டெல்லா, ஒரு பை நிறைய வெட்டுப்பட்ட காய்களோடு திரும்பினாள். பாதிக் காய்களில் ஓட்டை. பச்சைப் புழுக்கள் நெளிந்தன.

மேனேஜர் கோபால் சார் ஷீட்டைத் தூக்கிக் காட்டினார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார்" என்றாள் ஸ்டெல்லா.

"பாக்காமலே சைபர் போடுவியா? உனக்கு எப்படிம்மா கான்ட்ராக்டை எக்ஸ்டெண்ட் பண்றது?"

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஸ்டெல்லா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சாரிடம் உண்மையைச் சொன்னேன். "இப்ப வந்து சொல்றீங்களேம்மா! வேற ஆள் போட்டாச்சே" என்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அத்தோடு சரி.

வேறு மாநிலத்தில், ரவுண்ட் ராக் ஊரில், தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "தப்பு என்னோடது. மன்னிச்சிடும்மா."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கலாம் அக்கா. நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, தப்பு உங்களுடையது என்றால், திட்டு வாங்குகிறவர் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள்.