லிம் கடையில் 'டார்க் டேங்க்'

1. யாரும் தங்கவில்லை

என் விளையாட்டை முதன்முதலில் ஆடியவர் டை கட்டிய ஒரு பேங்க் ஊழியர். கடை வாசலில் வைத்திருந்த கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கீபோர்டைத் தட்டினார், செத்தார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி செத்தார். எழுந்து போய்விட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், எழுதியது நான்தான் என்று தெரியாமல் என்னிடமே சொன்னார்: "எல்லாம் ஒரே மாதிரிதான் லா அக்கா. வரும், சுடணும், செத்துடணும்."

அது எண்பதுகளின் நடுப்பகுதி. சிங்கப்பூர் ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில், கோபோல் (COBOL) என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதும் புரோகிராமராக இருந்தேன். நான் எழுதிய புரோகிராம்கள் சரக்குச் சீட்டுகளை அச்சடித்துத் தள்ளும். அதை யார் எழுதியது என்று யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. முடிந்ததும் ரோச்சோர் பக்கம் மாடியில் இருந்த லிம் கடைக்குப் போய்விடுவேன். வீட்டுக் கம்ப்யூட்டரும் உதிரி பாகங்களும் விற்கிற கடை. லிம்தான் ஒருநாள், "நம்ம ஊர் ஆள் எழுதின கேம் ஒன்னு முன்னாடி ஓடினால் நன்றாக இருக்கும், நீயே எழுது" என்றார். பழைய மெஷின் ஒன்றை இரவலாகவும் கொடுத்தார். நான் எழுதியது, நாலு பக்கத்திலிருந்தும் வேற்றுக்கிரக ஆட்கள் வர, நடுவில் நின்று சுட்டு உயிர் பிழைக்கும் விளையாட்டு. டைட்டில் படத்தில் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தேன்.

அன்று கடை மூடும்போது லிம், "ஸ்டெல்லா ஆ, கலர் நைஸ். பட் நோபடி ஸ்டே லா" என்றார். கம்ப்யூட்டர் கண்காட்சி ஒன்றில் அவர் ஒரு மேசை வாடகைக்கு எடுத்திருந்தார். அதற்குள் சரியாகவில்லை என்றால் வெளிநாட்டு விளையாட்டைத்தான் ஓட்டுவேன் என்றும் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு வலித்தது.

2. அந்தோணி சொன்னது

என் கணவர் அந்தோணி செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். அதற்கு முந்தின வருடம் ஒரு கப்பலின் டேங்க்குக்குள், அறை அறையாகத் தடுத்த பெரிய இரும்புத் தொட்டிக்குள், வேலை செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். இவர் மட்டும் உள்ளே அறை மாற்றி அறை போய், இருட்டில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார். வெளியே வந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு அவர் டேங்க்குக்குள் இறங்கவில்லை. கருவிகள் கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டார். தோ பாயோவில் எங்கள் வீடு எட்டாவது மாடி. லிஃப்டில் ஏறமாட்டார், படிதான். அன்று உள்ளே என்ன நடந்தது என்று யாரிடமும் பேசியதில்லை. சர்ச் ஃபாதர் கேட்டபோதும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, டிவியோடு மெஷினை இணைத்து, விளையாட்டில் எங்கே தப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோணி தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல என்ன பயம் இருக்கு?" என்றார்.

"நாலு பக்கமும் வராங்கள்ல?"

"வரட்டுமே. எல்லாந்தான் கண்ணுக்குத் தெரியுதே. எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா பயம் வராது ஸ்டெல்லா."

அவரே தொடர்ந்தார்.

"லைட்டு போனதும் வெளிய வர்ற மேன்ஹோல் எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு. செவத்தத் தடவிக்கிட்டே போனேன். எல்லாச் செவரும் ஒரே மாதிரி. பாக்கெட்ல லைட்டர் இருந்துச்சு. ஒரு தடவ கொளுத்தினா வழி தெரிஞ்சிரும். ஆனா உள்ள கேஸ் இருந்தா? கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

"அப்புறம் எப்படிங்க வந்தீங்க?"

"ரஹ்மத். மேன்ஹோல்கிட்ட நின்னு சுத்தியால தட்டிக்கிட்டே இருந்தான். இரும்புல சத்தம் எல்லாப் பக்கமும் இருந்து வரும். ரெண்டு எட்டு வச்சு நின்னு கேப்பேன். பெருசானா சரி. சின்னதானா திரும்பிடுவேன்."

ரஹ்மத் அவரோடு ஒரே கேங்கில் வேலை செய்தவர். அவர் பெயரையே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "இத நான் விளையாட்டுல வைக்கலாமாங்க?"

அவர் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "வை. பேய், பிசாசுன்னு எத வேணா சேத்துக்க, அது உன் இஷ்டம். அந்தத் தட்டுற சத்தத்த மட்டும் ஒழுங்கா செய்" என்றார்.

3. நின்று போன உருவங்கள்

பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து அசெம்பிளி மொழியில் எழுதினேன். ஸ்கிரீன் முழுக்க இருட்டு. இருட்டுக்குள் உருவங்கள் நகரும். சுட்டால் அந்த வெளிச்சத்தில் சுற்றியுள்ள சுவர் ஒரு நொடி தெரியும். குண்டுகள் கொஞ்சம்தான். வழி பார்ப்பதற்குச் சுடுவதா, பக்கத்தில் வரும் உருவத்தைச் சுடுவதா என்று ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். வெளியே யாரோ தட்டுவார்கள். வாசலை நெருங்க நெருங்கச் சத்தம் வலுக்கும். திறமையாக ஆடினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தக் கால மெஷினின் ஸ்பீக்கருக்கு 'டிக்' என்று ஒரு சத்தம்தான் தெரியும். எத்தனை 'டிக்', எவ்வளவு இடைவெளி என்று நாம்தான் எழுத வேண்டும். அந்தோணி வேலை முடிந்து வந்ததும் கைலிக்கு மாறி, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்.

"இது மரத்துல தட்டுற மாதிரி இருக்கு."

நான் மாற்றுவேன்.

"இது தகர டப்பா. கப்பல் பிளேட்டு இல்ல."

மறுபடி மாற்றுவேன். ஒரு தட்டலுக்குப் பின்னால் மெலிந்துகொண்டே போகும் சின்னச் சின்ன 'டிக்'குகளைச் சேர்த்தபோது அவர் கண்ணைத் திறந்தார். "கிட்ட வந்துட்ட" என்றார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்ததில்லை.

பிறகு இரண்டு சிக்கல்கள். மெமரி நிரம்பிவிட்டது. டைட்டில் படத்தை எடுத்துவிட்டேன். என் பெயர் கீழே ஒரு வரியாகச் சுருங்கியது. இரண்டாவதுதான் பெரிய தலைவலி. சத்தம் எழுப்பும் வேலையையும் அதே பிராசஸர்தான் செய்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு தட்டலுக்கும் உருவங்கள் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன. எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. கண்காட்சி நெருங்கிவிட்டது. விளையாட்டையே தூக்கிப் போட்டுவிடலாம் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அந்தோணி கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தார். "எதுக்குச் சரி பண்ற? தட்டுறப்ப எனக்கும் எல்லாம் நின்னுதான் போச்சு. பயங்கூட நின்னுச்சு. அப்படியே விடு" என்றார்.

விட்டுவிட்டேன். தட்டும்போது மட்டும் ஆடுகிறவருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அந்த விளையாட்டின் உயிரே அதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

4. கண்காட்சி மேசை

லிம் முதலில் பார்த்துவிட்டு, "ஆல் பிளாக். ஸ்பாயில் ஆ?" என்றார். முதலில் வந்தவரும் ஸ்கிரீன் கெட்டுவிட்டது என்றே நினைத்தார். நான் குனிந்து, "சுட்டா வெளிச்சம் வரும்" என்று சொல்லப் போனேன். லிம் என் தோள்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"யூ டோன்ட் டாக். லெட் ஹிம்."

வந்தவர் தற்செயலாக ஒரு குண்டைச் சுட்டார். சுவர் தெரிந்து மறைந்தது. 'டக்' என்று சத்தம் வந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் மேசையைச் சுற்றி ஆட்கள். சத்தம் கேட்க வேண்டும் என்று பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் அடக்கினார்கள். லிம் என்னைப் பார்த்து வாயைத் திறக்காமல் கட்டைவிரலைக் காட்டினார்.

சாயங்காலம் அந்தோணி வந்தார். கூட ஒரு மலாய்க்காரர். ரஹ்மத் என்று அறிமுகப்படுத்தினார். அவரை நாற்காலியில் உட்கார வைத்தார், ஒன்றும் விளக்கவில்லை. ரஹ்மத் இரண்டு தடவை செத்தார், மூன்றாவது தடவை வெளியே வந்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

அந்தோணி மலாயில், "அந்தத் தட்டுற ஆள் நீதான்" என்றார்.

ரஹ்மத்தின் சிரிப்பு நின்றது. ஸ்கிரீனைப் பார்த்தபடியே பேசினார். மீட்பு ஆட்கள் வருகிறார்கள், நீ தள்ளி நில் என்று மேஸ்திரி சொன்னாராம். உள்ளிருந்து பதிலே வரவில்லையாம். "நீ செத்துட்டேன்னு நினைச்சேன். உனக்குக் கேக்குதான்னு தெரியாது. நிறுத்த மனசு வரல, அவ்வளவுதான்" என்றார்.

அந்தோணி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் உள்ளே நின்றது அவருக்குத் தெரியாது. அவர் நம்பிக்கை இல்லாமலேயே தட்டியது இவருக்கும் தெரியாது. ஒரே பட்டறையில் இருந்துகொண்டு இருவரும் அதைப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்தோணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிமா காசே" என்றார். மலாயில் நன்றி. பிடித்த கையை அவர் விடவில்லை. வரிசையில் நின்றவர்கள், "ஹலோ, ஃபினிஷ் ஆல்ரெடி ஆ?" என்று கேட்க, மூவரும் ஒதுங்கி நின்றோம்.

5. பிறகு

அந்த 'டார்க் டேங்க்' விளையாட்டு பிளாஸ்டிக் பையில் போட்ட ஃபிளாப்பியாக லிம் கடையில் விற்றது. வாங்கியவர்களைவிட நகல் எடுத்தவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தமில்லை. அதைக் காட்டித்தான் பள்ளிகளுக்குப் பாடப் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். அந்தோணி மறுபடி டேங்க்கில் இறங்கவில்லை, லிஃப்டிலும் ஏறவில்லை. ஒரு விளையாட்டு அதையெல்லாம் சரி செய்துவிடாது. ஆனால் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ரஹ்மத் குடும்பத்தோடு வந்தார். அவர் வீட்டு ஹரி ராயா பெருநாளுக்கு நாங்கள் போனோம். சாப்பாட்டு மேசையில் இருவரும் அந்த நாளைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார்கள்.

அங்கே எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். எழுதியதை ஒருவர் கையில் கொடுங்கள். பின்னால் போய் நில்லுங்கள். அவர் தடுமாறினால் விளக்கிச் சொல்ல உங்கள் வாய் துடிக்கும், பேசாதீர்கள். எங்கே முகம் சுளிக்கிறார், எங்கே முன்னால் நகர்கிறார் என்று மட்டும் பாருங்கள். அன்று லிம் என்னைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், அந்த முதல் ஆளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருப்பேன். அவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்.