முளைக்காத பல்

அந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது எனக்குள் பொங்கிய பெருமையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவராக அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் தம் வெள்ளைப் பெட்டை நாயைக் காரில் கொண்டுவந்தார். இரண்டு வயது, ஏழு குட்டிகள் ஈன்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. கீழ்த்தாடையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அதன்மேல் இரும்பைக் காய்ச்சி இழுத்த தழும்புகள்.

"ரெண்டு தடவ சூடு போட்டும் கேக்கலை டாக்டர்" என்றார், சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி. நாய் என் கையை நக்கியது.

ஊசியால் குத்தியபோது சீழ் வரவில்லை. தேன்நிற நீர் வந்தது. பற்களை எண்ணினேன். கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சின்னப் பல்லைக் காணோம். மனிதர்களுக்குப் படம் எடுக்கும் இடத்தில் கெஞ்சி எடுத்த படத்தில், அது முளைக்காமல் தாடைக்குள் படுத்துக் கிடந்தது. சுற்றிலும் நீர்ப்பை எலும்பை அரித்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கி, பையின் உள்தோலைத் துளி மிச்சமின்றிச் சுரண்டித் தைத்தேன். பத்தாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. முதலாளி வாயாரப் புகழ்ந்தார். அந்த மயக்கத்தில் கேட்காததையும் சொன்னேன்: "பரம்பரையாவும் வரலாம். குட்டிகளுக்கும் அந்தப் பல்லு இருக்கான்னு பாக்கணும்."

மறுவாரம் குட்டிகளுக்குப் பூச்சிமருந்து கொடுக்க அவர் மாந்தோப்புக்குப் போனேன். தாய் நாய் மட்டும் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏழுக்கும் அந்தப் பல்லு இல்ல டாக்டர். கெணத்துல போடச் சொல்லிட்டேன். நீங்க சொல்லலேன்னா என் வர்க்கமே கெட்டிருக்கும்" என்றார் முதலாளி.

அந்தப் பல்லுக்குப் பால்பல்லே கிடையாது, எந்தக் குட்டிக்கும் நாலைந்து மாதத்தில்தான் முளைக்கும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்பிடியா? சரி, அடுத்த ஈத்துல பாத்துக்கிடுவோம்."

வெளியே வந்தேன். குட்டிகளைக் கிணற்றில் போட்ட காவல்காரர் கேட்டருகே நின்றார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது.

"ஏழும் சீக்குக் குட்டியாம்ல ஐயா. இருந்தாலும் நோவுலதான் செத்துருக்கும். அப்பிடித்தானே?"

"ஆமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார்.