'பெண்' மாதிரியில் இல்லாத வரி

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் அச்சகத்துக் கணினியில் மரண அறிவித்தலுக்கு இரண்டு மாதிரிகள் உண்டு. ஒன்றின் பெயர் 'ஆண்', மற்றதன் பெயர் 'பெண்'. ஆளுக்கு ஏற்றதைத் திறந்து பெயரையும் ஊரையும் உறவுகளையும் மாற்றினால் சரி, பத்து நிமிட வேலை. பதினொரு வருடமாக அப்படித்தான் தட்டியிருக்கிறேன். ஒருநாளும் கண்ணைத் திறந்து வாசிக்கவில்லை. அதை நினைத்தால் முதலில் என்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் வந்தார். தாய் காலமாகி, மறுநாள் காலையில் கிரியை. பின்னேரத்துக்குள் நோட்டீஸ் ஒட்டவேண்டும். நான் அடித்துக் கொடுத்ததை நின்றபடியே வாசித்தார்.

"அம்மா பிரதம இலிகிதரா இருந்து பென்ஷன் எடுத்தவ. முப்பது கிளார்க்மார் அவவுக்குக் கீழ. அது எங்க?"

தேடினேன். 'ஆண்' மாதிரியில் பெயருக்குக் கீழே 'ஓய்வுபெற்ற' என்று ஒரு வரி. 'பெண்' மாதிரியில் அந்த வரியே இல்லை. நான் அடித்துக் கொடுத்ததில் இருந்தது என்ன தெரியுமா? 'காலஞ்சென்ற இன்னாரின் (ஓய்வுபெற்ற தபாலதிபர்) அன்பு மனைவியும்.' செத்தது மனைவி, உத்தியோகம் போட்டிருப்பது புருஷனுக்கு.

முதலாளி தன் மேசையிலிருந்தே சொன்னார். "பொம்பிளையளுக்கு அந்த வரி வாறேல்லை, தங்கச்சி. போமற் அப்பிடி."

"போமற்றை ஆர் செய்தது, ஐயா?" என்று கேட்டார் மகள்.

"அது முந்தியே இருந்தது."

எனக்குத் தலை கொதித்தது. 'ஆண்' மாதிரியைத் திறந்து, கணவரை மனைவியாக்கி, தந்தையைத் தாயாக்கி, மைத்துனரை மைத்துனியாக்கி, ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன். ஒரேயடியாக மாற்றினால் பிள்ளைகள் வரிசையில் இருக்கும் மகனும் மகளாகிவிடுவார். 'அன்னார்', 'காலமானார்' இரண்டிலும் கைவைக்கத் தேவை இருக்கவில்லை. தமிழ்மொழி சாவில் ஆண், பெண் பார்க்கவில்லை. மாதிரி செய்தவன்தான் பார்த்திருக்கிறான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இடம் காணாது. இலிகிதரை விடுவம்."

"அப்பாவின்ர வேலையை வெட்டுங்கோ," என்றார் மகள்.

"அப்பாவின்ர பக்கத்துச் சொந்தக்காரர் கோவிப்பினமே, தங்கச்சி."

"அவற்ர நோட்டீஸில அவற்ர வேலையை வடிவாப் போட்டனாங்கள், ஐயா. அதில அம்மாவின்ர வேலை இருக்கேல்லை."

அடைப்புக்குறியோடு தபாலதிபரைத் தூக்கினேன். மகள் அம்மாவின் வேலை இருந்த அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தரம் வாசித்துவிட்டு, "இதை அடியுங்கோ," என்றார்.

அவர் போனபின் 'பெண்' மாதிரியிலும் அந்த வரியைச் சேர்த்தேன்.

"வீட்டில சும்மா இருந்தவைக்கு அதில என்ன போடுவாய்?" என்றார் முதலாளி.

"பிள்ளையளைக் கேட்டுப் போடுவன்."