மாமா மடிக்குக் காத்திருந்த காது

எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாகக் காது மடலைத் தொட்டுப் பார்க்கும். எட்டு வயது வரை அங்கே ஓட்டையே கிடையாது. திண்டிவனத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ‘மூளிக் காது’ என்று கேலி செய்த காலம் அது, எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர்க் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருந்ததோ ஒரே மாமா, அவர் இருந்ததோ விழுப்புரத்தில், அவருக்கோ பஸ் ஏறப் பயம்.

பிறவிப் பயம் இல்லை. கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்த ஆள்தான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரியின் உச்சியிலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபிறகு, தட்டு விழுந்தால் நடுங்குவார்; லாரி, பஸ் ‘ஆரன்’ கேட்டால் வியர்த்துக் கொட்டும். காத்து கருப்பு என்று தாயத்துக் கட்டினார்கள். டாக்டர் மட்டும் அம்மாவிடம், “அவரு வேணும்னு பண்ணலம்மா. அடிபட்டதுல மூளை சும்மா சும்மா பயமணி அடிச்சிக்கினு இருக்குது” என்றாராம்.

கண்ணால் பார்த்தால்தானே பயம் என்று அப்பா ஒருமுறை அவர் கண்ணைத் துண்டால் கட்டி பஸ்ஸில் ஏற்றினார். முதல் ஆரனுக்கே மாமா அலறிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டார். காதுகுத்து விருந்துக்கு வெட்டிய ஆட்டை நாங்களே தின்றோம். அழுதுகொண்டே நான் இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றேன்.

அந்தக் கோடை விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை தாளிக்கும்போது சும்மா இராமல், “மாமா, கடுகு வெடிக்கப் போவுது!” என்று கத்தினேன். வெடித்தது. மாமா நடுங்கவில்லை! அடேயப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! “கதவு சாத்தப் போறேன்”, “சொம்பு வைக்கப் போறேன்” என்று நாள் முழுக்க அவர் பின்னாலேயே திரிந்தேன். சாயங்காலம் அவரே கேட்டார்: “ஏ புள்ள, பஸ்லயும் இப்டி சொல்லிக்கினே வர்றியா?”

வந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து, “லாரி வருது மாமா, ஆரன் அடிப்பாரு… பாலம் வருது, குலுங்கும்” என்று கத்திக் கத்தி விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே, “அடிக்கப் போறேங்கோ!” என்று குரல் கொடுத்துவிட்டு ஆரனை அடித்தார். கூடைக்கார அம்மாக்களும் கண்டக்டரும் சேர்ந்துகொள்ள, பஸ்ஸே திருவிழாவானது. மாமா விரல் வெளுக்கக் கம்பியைப் பிடித்திருந்தார், ஆனால் இறங்கவில்லை. திண்டிவனம் வரும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோயிலில் அவர் மடியில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ஓடப் பார்த்தவளை மாமாவின் நடுங்கும் கைகள் பிடித்துக்கொண்டன. “இப்ப மஞ்சத் தண்ணி, ஜில்லுனு இருக்கும்… இப்ப ஊசி தொடும்… இப்ப சுருக்குங்கும் புள்ள, அவ்ளோதான்.”

சுருக்கென்றது. அவ்வளவுதான்.

அந்தச் சாலையின் புளியமரங்கள் இப்போது இல்லை, மாமாவும் இல்லை. போன வருஷம் அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்திருந்தபோது பயத்தில் பல் கிட்டியது. நர்ஸ் பெண்ணிடம், “என்ன செய்யப் போறன்னு சொல்லிக்கினே செய்யும்மா” என்றேன்.

“இப்ப சுருக்குங்கும் பாட்டி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.